பருத்திமார்க் கரியில் எரிந்த விளக்கு

போன மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, காங்கேயத்துக்குத் தெற்கே நாலு மைலில் இருக்கும் ஒரு பருத்தி ஜின் ஃபாக்டரிக்குப் போய்வந்தேன். அங்கே கரியிலிருந்து வாயு எடுத்து, அந்த வாயுவில் எஞ்சின் ஓட்டி, எஞ்சினோடு டைனமோவைப் பூட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். மலையில் எடுக்கிற பைக்காரா கரண்ட் நம் ஊருக்கு வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்காதவர்கள் இந்த ஜில்லாவில் நிறையப் பேர் உண்டு. அவர்கள் போய்ப் பார்க்க நினைத்தால் வழி, நேரம், செலவு எல்லாம் பிசகில்லாமல் தெரிய வேண்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர். பல்லடத்துக்கு மேற்கே மூன்று மைலில் எட்டுக் கட்டில் போட்டு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நடத்துகிறேன். பொழுது சாய்ந்த பிறகு அறுவை செய்ய வேண்டி வந்தால் வெளிச்சத்துக்கு வழியில்லை. ஈதர் கொடுத்து மயக்குகிற அறையில் தீ இருக்கக்கூடாது. அதன் ஆவி பட்டென்று பற்றிக்கொள்ளும். அதனால் அரிக்கேன் விளக்கை ஜன்னலுக்கு வெளியே மாட்டிக்கொண்டு உள்ளே குனிந்து வேலை செய்ய வேண்டும். டார்ச் லைட்டும் பிடித்துப் பார்த்தாயிற்று. பிடிக்கிற நர்ஸ் சற்று அசைந்தால் வெளிச்சமும் அசைந்துவிடும்.

ஐப்பசியில் ஒருத்தி என் மேஜைமேல் இறந்தாள். இருபத்திரண்டு வயது. ரத்தம் போய்க்கொண்டிருந்தது, எங்கிருந்து போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. விளக்கு இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. கரண்ட் கம்பம் எப்போது வரும் என்று இரண்டு ஆபீஸ் படியேறிக் கேட்டேன். வரும் என்றார்கள். எப்போது என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஒரு பருத்தி வியாபாரி, மனைவியை அழைத்துப்போக வந்தவர், இந்த ஜின் ஃபாக்டரியைப் பற்றிச் சொன்னார். முதலாளி பெயர் பழனிச்சாமிக் கவுண்டர். கரி வாயு எஞ்சினும் டைனமோவும் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறதாம். மணிக்கொரு தரம் மூச்சடைத்து நிற்கிறதாம். வெறுத்துப்போய், எழுநூறு ரூபாய்க்கு யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன் என்று சந்தையில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். புதிதாக வாங்க அதைப்போல் மூன்று பங்கு ஆகும். என்னிடம் சேர்த்து வைத்தது எழுநூற்றைம்பது இருந்தது. மணிக்கொரு தரம் நின்றால் என்ன, எனக்கு வேண்டியது மாதத்தில் ஐந்தாறு மணி நேரம்தானே என்று கணக்குப் போட்டேன்.

முதல் நாள் ராத்திரி சிங்காநல்லூரில் என் தம்பி வீட்டில் தங்கியிருந்தேன், அங்கிருந்து புறப்பட்டேன். பல்லடம் பஸ் காலை ஆறேகாலுக்கு. ஆறேகால் என்றால் ஆறரை. டிரைவர் காபி குடித்து முடித்தால்தான் நேரம் தொடங்கும். பல்லடத்துக்குப் பதினெட்டு மைல், ஆறணா. பெண்பிள்ளைகள் முன் வரிசையில் உட்காருவது நல்லது. பின்னால் உட்கார்ந்தால் இறங்கும்போது ரோட்டுப் புழுதி முழுக்க நம் புடவையில் இருக்கும். எட்டு மணிக்குப் பல்லடம். அங்கே இட்லி நன்றாக இருக்கும், காபியைத் தொடாதீர்கள். எட்டரைக்குக் காங்கேயம் பஸ். இருபத்திரண்டு மைல், ஏழணா.

அந்த டிரைவரிடம் ஃபாக்டரியைப் பற்றி விசாரித்தேன். அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கரியைப் போட்டு விளக்கெரிக்கிற கவுண்டரா என்று கேட்டுச் சிரித்தார். அது விளக்கெரிந்த நேரத்தைவிட ஃபிட்டர் அதைக் கழற்றிப் போட்டிருக்கும் நேரம்தான் ஜாஸ்தி என்றார். வாங்கப் போகிறேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பஸ்ஸைத் திருப்பி என்னைக் கொண்டுபோய் வீட்டில் விட்டிருப்பார்.

காங்கேயத்தில் இறங்கும்போது பத்து மணி. அங்கிருந்து நாலு மைலுக்கு வில்வண்டி எட்டணா. பத்தணா கேட்பார்கள், நடக்கத் தொடங்கிவிடுங்கள், பின்னாலேயே வந்து எட்டணாவுக்கு ஏற்றிக்கொள்வார்கள். வழி நெடுக மாடு மேய விட்ட கொறங்காடு, கிளுவை வேலி, அங்கங்கே மாடுகள். மாசியிலேயே மண் வெளுத்துப் போயிருந்தது. நான் பிறந்து வளர்ந்ததும் இந்த மாதிரி மேட்டுக்காட்டில்தான். தண்ணீர் எண்பதடி ஆழத்தில் இருக்கிற பூமி இது.

பதினொன்று அடிக்கச் சற்று முன்னால் ஃபாக்டரி வாசலில் இறங்கினேன். ஒரு ஓட்டுக் கொட்டகையில் பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கிற ஜின் மெஷின்கள். பக்கத்துக் கொட்டகையில் எஞ்சின். நடுவே ஆள் உயர மேடைமேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. கிணற்றில் கவலை ஏற்றம் கட்டி இரண்டு ஜோடி மாடுகள் இறைத்த தண்ணீர் அதில் நிறைகிறது. தொட்டியிலிருந்து ஒரு இரும்புக் குழாய் எஞ்சின் கொட்டகைப் பக்கம் போகிறது. அதில் ஒரு பித்தளைத் திருகு, அதன் கீழே சின்ன ஒழுக்கு. அந்த ஒழுக்கில் கால் கழுவினேன். வெயிலுக்குச் சுகமாக இருந்தது.

கவுண்டருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒடிசலான மனிதர், பேச்சில் மட்டும் பஞ்சமில்லை. அவர் மனைவி பொன்னாத்தா ஒரு செம்பு மோரைக் கொடுத்துவிட்டு, கணவர் மெஷினைப் புகழ்வதையும் திட்டுவதையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டு நின்றார். விற்க வந்த பொருளை இப்படித் திட்டுகிற யாரையும் நான் பார்த்ததில்லை. வெள்ளை மனசு.

கரி எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கவனித்துப் பார்த்துக்கொண்டேன், நீங்களும் பாருங்கள். பருத்தி எடுத்து முடிந்த பிறகு காட்டில் நிற்கிற வெறும் செடியில், அதுதான் பருத்திமார், முன்னெல்லாம் அடுப்புக்குப் போக மீதியைக் காட்டிலேயே கொளுத்திவிடுவார்கள். இங்கே அதைப் பிடுங்கிக் காயவைத்து, கட்டுக் கட்டாகக் குழியில் அடுக்கி, பற்றவைத்து, ஈரமண் போட்டு மூடிவிடுகிறார்கள். காற்றில்லாமல் இரண்டு நாள் உள்ளுக்குள்ளேயே வெந்து, மூன்றாம் நாள் கரியாகக் கிடைக்கிறது. அதோடு கொட்டாங்கச்சிக் கரியைச் சரிபாதி கலக்கிறார்கள். கலந்ததை ஒரு இரும்பு உருளைக்குள் போட்டுக் கனிய வைத்தால் வாயு கிளம்புகிறது. பச்சை விறகை அப்படியே போட்டால் என்ன என்று கேட்டேன். ஃபிட்டர் ரங்கசாமி பதில் சொன்னார். விறகில் இருக்கிற புகையும் தார்போன்ற கீலும் வாயுவோடு சேர்ந்து எஞ்சினுக்குள் போய் அப்பிக்கொள்ளும். முதலில் கரியாக்கிவிட்டால் அந்தக் கசடு பெரும்பாலும் குழியிலேயே போய்விடும். மிச்சமிருக்கிற தூசியையும் கீலையும் கழுவத்தான் இன்னொரு உருளை இருக்கிறது. அதற்குள் கல்கரித் துண்டுகளை நிரப்பி, மேலிருந்து அந்தத் தொட்டித் தண்ணீரை மழைபோல விடுகிறார்கள். வாயு அந்த மழைக்குள் புகுந்து குளித்துவிட்டு எஞ்சினுக்குப் போகிறது.

பதினொன்றே முக்காலுக்கு ஓட்டிக் காட்டினார்கள். கால் மணி நேரம் கரி உருளைக்குக் காற்று ஊதுகிற காற்றாடியைக் கையால் சுற்றிக் கரியைக் கனிய வைத்தார் ரங்கசாமி. ஒரு சின்னத் துவாரத்தில் வாயுவைத் திறந்து தீக்குச்சி காட்டினார். நீலமாக எரிந்தது. பிறகு எஞ்சின் தும்மி, இருமி, ஓடத் தொடங்கியது. கொட்டகையில் வரிசையாக இருபது பல்புகள். சுவிட்சைப் போட்டதும் பட்டப்பகலில் அத்தனையும் எரிந்தன. புகை இல்லை, எண்ணெய் நாற்றம் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்படவில்லை.

ஐம்பது நிமிஷம் ஓடியது. பிறகு பல்புகள் சிவந்தன, எஞ்சின் திணறியது, நின்றது. ரங்கசாமி ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வால்வைக் கழற்றிக் காட்டினார். கருகருவென்று பிசின்மாதிரி அப்பியிருந்தது. தினமும் இதே பாடு என்றார் கவுண்டர். இந்த மாதத்தோடு ரங்கசாமிக்கும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவதாக அவர் எதிரிலேயே சொன்னார். ரங்கசாமி வால்வைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு இலை போடுகிறவரை நான் வேப்பமர நிழலில் ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே தண்ணீர்த் தொட்டி. வால்வைத் துடைத்துப் பூட்டிவிட்டு ரங்கசாமி வந்தார், குழாய்த் திருகை முழுக்கத் திறந்தார், உள்ளே போனார். பொன்னாத்தா குடத்தோடு அந்தப் பக்கம் போனார். போகிற போக்கில் கை நீண்டது, திருகு அரைச்சுற்று மூடியது. அவர் திருகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பருத்தி பொறுக்குகிற பெண்கள் மூன்று பேர் கை கழுவ வந்தார்கள். கழுவினார்கள், கடைசியாகப் போனவள் இன்னும் கொஞ்சம் மூடினாள். அப்புறம் கவுண்டரே வந்தார். மாட்டுக்காரனிடம் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டே நடந்தவர், பேச்சு நிற்காமல், நடை நிற்காமல், ஒரு கால் சுற்று மூடிவிட்டுப் போனார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் காலையில் கால் கழுவிவிட்டு நானும் அதைத்தான் செய்திருந்தேன். தண்ணீர் சும்மா போகிறதே என்று ஒரு திருகு திருகிவிட்டுத்தான் மோர் குடிக்கப் போனேன். ஏதோ ஒரு சீமையில், ஆறு ஓடுகிற ஊரில் செய்த மெஷின் அது. அதற்குத் தண்ணீர் தாராளமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் பூமியில் பிறந்த எந்தக் கையும் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. ரங்கசாமி திறக்கிறார், ஒரு ஊரே மூடுகிறது. வாயு குளிக்காமலே எஞ்சினுக்குள் போகிறது.

இனி எழுதப்போவதை மறைக்கலாம். மறைக்கமாட்டேன். அந்தக் கட்டிலில் இருபது நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் பேசாமல் இருந்தால் எழுநூறு ரூபாய்க்கு மெஷின் என்னுடையது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திருகைக் கழற்றி வீசிவிட்டால் என் மேஜைமேல் வெளிச்சம் வந்துவிடும். நான் சொல்லிவிட்டால் இவர் ஏன் விற்கப்போகிறார்? நான் யாரையும் ஏமாற்றவில்லையே, அவர் சொன்ன விலைதானே என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். ஐப்பசியில் செத்தவளையும் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அதுதான் என்னைச் சுட்டது. அவளைக் காட்டி ஒரு மனிதரை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. தவிர, வியாதி இன்னது என்று கண்ணால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ள இருபது வருஷப் பழக்கம் விடவில்லை.

இலையில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். யாருக்கும் குற்றமாகப் படக்கூடாது என்று, நான் மூடியதை முதலில் சொன்னேன். பிறகு மற்றவர்கள் மூடியதை. கவுண்டர் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை. பொன்னாத்தாவைப் பார்த்தார். பொன்னாத்தா அவரைப் பார்த்தார்.

“ஏனுங்க டாக்டரம்மா, தண்ணி போயிட்டே இருந்தா கை சும்மா இருக்குங்களா?” என்றார் கவுண்டர். கோபமில்லை, நிஜமாகவே கேட்டார்.

“இருக்காதுங்க. என் கையும் இருக்கலையே. அதனாலதான் திருகைக் கழட்டிப்போடுங்கன்னு சொல்றேன்” என்றேன்.

திருகின் கைப்பிடியைக் கழற்றி ரங்கசாமி தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கழுவிவந்த தண்ணீரை வீணாக்க வேண்டாம், ஒரு குழி வெட்டித் தேக்கி, கசடு படிந்து ஆறிய பிறகு மறுபடியும் தொட்டிக்கு ஏற்றலாம் என்று அவரே யோசனை சொன்னார். ஆறு மாதமாகச் சொல்ல நினைத்திருப்பார் போலிருக்கிறது; யார் கேட்டார்கள்? இரண்டரை மணிக்கு மறுபடி எஞ்சினை ஓட்டினோம். மூன்றரை ஆயிற்று. நாலரை ஆயிற்று. பொன்னாத்தா இரண்டு முறை குழாய்ப் பக்கம் வந்து, கைப்பிடி இல்லாததைப் பார்த்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். ஐந்தரை மணிக்கும் இருபது பல்பும் ஒரே வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தன. வால்வைக் கழற்றினார்கள். விரலால் தடவிப் பார்த்தேன், லேசாகத் தூசி, அவ்வளவுதான்.

கவுண்டர் என் எதிரில் வந்து நின்று துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“டாக்டரம்மா, பொய் சொல்லமாட்டேனுங்க. இனி இதைக் குடுக்க எனக்கு மனசு வர்லீங்க. நீங்க பேசாம இருந்திருந்தா இந்நேரம் உங்க ஊட்டுக்கு வண்டி ஏறியிருக்கும். என்னை என்ன வேணும்னாலும் சொல்லிப்போடுங்க.”

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. கோபம் அவர்மேல் இல்லை, என்மேல்தான். பெரிய அரிச்சந்திரன் பரம்பரை என்று என்னையே திட்டிக்கொண்டு எஞ்சின் கொட்டகைக்குள் போனேன், கண்ணைத் துடைக்க ஒரு இடம் வேண்டுமே. அங்கே டைனமோவுக்குப் பக்கத்தில் பலகைமேல் கறுப்பு டப்பாக்கள் இரண்டு, ஒயர் கொடுத்து வைத்திருந்தார்கள். இது என்ன என்று ரங்கசாமியிடம் கேட்டேன். பஸ் பாட்டரி என்றார். காங்கேயம் பஸ்காரர்கள் கொடுத்துவிட்டுப் போவார்களாம். டைனமோ ஓடுகிற நேரத்தில் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பாராம். இதில் மோட்டார் விளக்கு ஒன்றை எரித்தால் எத்தனை நேரம் தாங்கும் என்று கேட்டேன். நல்ல பாட்டரியானால் பதினைந்து மணி நேரம் எரியுமே என்று சாதாரணமாகச் சொன்னார். மோட்டார் விளக்கு! ராத்திரியில் பஸ் எதிரே வந்தால் கண் கூசுமே, அந்த விளக்கு. நானும் எத்தனையோ பஸ் ஏறியிருக்கிறேன். அதை இறக்கி என் மேஜைக்கு நேரே தொங்கவிடலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ரங்கசாமியை இன்னும் நாலு கேள்வி குடைந்துவிட்டு வெளியே வந்தேன்.

“கவுண்டரே, மெஷின் உங்களோடதே இருக்கட்டும். ஆனா வியாதி பாத்தேனே, அதுக்கு எம்பட ஃபீஸ் வரோணும்” என்றேன்.

அவர் மடியைத் தடவினார். பணம் வேண்டாம் என்றேன். நாலு பாட்டரி நான் வாங்கித் தருகிறேன். இரண்டு என்னிடம், இரண்டு இங்கே. வாரா வாரம் வியாழக்கிழமை பஸ்ஸில் மாற்றிக்கொள்வோம். டைனமோ ஓடுகிற காலம்வரைக்கும் எனக்கு இலவசமாகச் சார்ஜ் ஏற்றித் தர வேண்டும். ரங்கசாமியை வேலையைவிட்டு அனுப்பக்கூடாது. அவர் இல்லாவிட்டால் இதெல்லாம் யார் பார்ப்பது?

கவுண்டர் யோசிக்கவே இல்லை. “அட, இது ஒரு ஃபீஸுங்களா! கொண்டாங்க டாக்டரம்மா. ஜின் நின்னாலும் உங்க பாட்டரிக்காக ஓட்டறேனுங்க” என்றார். பொன்னாத்தா வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் பத்திரம் எழுதுகிற வழக்கமில்லை.

அன்று அங்கேயே தங்கி மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பினேன். எல்லாம் கூட்டிப் பார்த்தால் போகவர இரண்டு ரூபாய் பத்தணாவுக்கு மேல் செலவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மாசி, பங்குனியில் போங்கள், ஜின் ஓடுகிற காலம். காலையிலேயே போனால்தான் கரிக் குழியைத் திறப்பதைப் பார்க்கலாம். காற்றாடி சுற்றும்போது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். அந்த வாயு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, ஆளை அடித்துப்போடும். தலை வலித்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். இதை டாக்டராகச் சொல்கிறேன். கொட்டகைக்கு நாலு பக்கமும் திறப்பு வைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், போகிறவர்கள் வைத்தார்களா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். கழுவின தண்ணீரைப் பயிருக்கு விடாதீர்கள், செடி கருகும். பாட்டரியைப் பஸ்ஸில் ஏற்றுவதானால் மரப்பெட்டியில் வைக்கோல் வைத்து நேராக நிறுத்துங்கள். உள்ளே இருப்பது திராவகம். காங்கேயம் டிரைவர் என் பெட்டியைத் தன் சீட்டுக்குப் பின்னாலேயே வைத்துக்கொள்கிறார். கரிக் கவுண்டரைப் பற்றி இப்போது அவர் சிரிப்பதில்லை. என்னைப்போல ஆஸ்பத்திரி வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பாட்டரியும் சுவிட்சும் வெளி அறையில் இருக்கட்டும். விளக்கைப் போட்ட பிறகுதான் ஈதர் பாட்டிலைத் திறக்க வேண்டும். சுவிட்சில் வருகிற பொறியும் தீதான்.

பங்குனி பதினெட்டாம் தேதி மாலை ஆறரை மணிக்கு, சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நெசவுக்காரர் மனைவியை வண்டியில் கொண்டுவந்தார்கள். குழந்தை குறுக்கே கிடந்தது. பாட்டரியைப் பூட்டி, மோட்டார் விளக்கை மேஜைக்கு மேலே இறக்கி, ஈதர் கொடுத்தோம். பாதியில், ஐப்பசியில் நடந்தது மறுபடி நடந்தது. குபுக்கென்று ரத்தம் வந்தது. நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே பார்த்தேன், இடது பக்கம், மேலே, ஒரே ஒரு ரத்தக்குழாய். தெளிவாகத் தெரிந்தது. பிடித்துக் கட்டினேன். ஏழரை மணிக்குக் குழந்தை அழுதது, எட்டரை மணிக்குத் தாய் தண்ணீர் கேட்டாள். நான் வெளி அறைக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டு, அன்று விடியும்வரை தூங்கினேன்.